பிளாக்கில் கீறலா? தண்ணீர் போகும் வழியைப் பார்த்துவிட்டு இன்ஜினை இறக்குங்கள்

“பிளாக் போச்சு அண்ணாச்சி. வேற இன்ஜின் பார்த்துக்கிடுங்க.”

1996 ஆடி அமாவாசைக்கு மறுநாள் ஒரு பட்டறையில் என் அப்பாவுக்குக் கிடைத்த பதில் இது. பிளாக் என்பது சிலிண்டர்களும் அவற்றைச் சுற்றித் தண்ணீர் ஓடும் பாதையும் உள்ள, இன்ஜினின் இரும்பு உடம்பு. முந்தைய நாள் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பியிருந்தோம். வண்டி 1967 மாடல் மார்க் 2 அம்பாசிடர். பாபநாசம் தாண்டி மலை ஏறும்போது முன்னால் வேனும் லாரியும் வரிசை கட்டி நின்றன. முதல் கியரிலேயே ஊர்ந்து ஊர்ந்து ஏறினோம். ஊர்ந்தால் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காது, இன்ஜினுக்கு வேலை மட்டும் குறையாது. பாதி வழியில் மூடி இடுக்கில் ஆவி சீறியது. ஆற்றில் இறங்கிக் குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றியவன் நான்தான். ஆடி மாதத்து மலைத் தண்ணீர், பல்லில் பட்டால் கூசும். இரண்டாவது குடம் இறங்கும்போது உள்ளேயிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். அதன்பின் எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் நிற்கவில்லை.

அந்தப் பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் தண்ணீர் வழிவதை மட்டும் பார்த்தார். எந்த இடத்திலிருந்து வழிகிறது என்று பார்க்கவில்லை. அந்த அம்பாசிடர் இன்றைக்கும் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது, அதே பிளாக்கோடு. அதனால்தான் இதை எழுதுகிறேன். பிளாக் கீறினால் எல்லாம் முடிந்தது என்பது தப்பு. கீறல் எங்கே என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். அது தெரியாமல் இன்ஜினை இறக்குவதும், பழைய இரும்புக் கடைக்கு பிளாக்கைப் போடுவதும் பாவம்.

நான் கையில் வைத்துப் பழகியது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். இதில் பிளாக்கும் அதன்மேல் மூடி போல உட்காரும் ஹெட்டும் இரண்டுமே வார்ப்பிரும்பு. ஃபியட் 1100, பத்மினி வைத்திருப்பவர்களுக்கு பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஆகவே சூடேறினால் அங்கே முதலில் ஹெட் வளையும். பரிசோதனை முறைகள் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஏன் கீறுகிறது

வார்ப்பிரும்பில் 3 சதவீதம் அளவுக்குக் கரி இருக்கும். அந்தக் கரி இரும்புக்குள் சின்னச் சின்னச் செதில்களாகக் கிடக்கும். அமுக்கினால் வார்ப்பிரும்பு மலை போலத் தாங்கும். இழுத்தால் அந்தச் செதில் வழியாகவே பிரிந்துவிடும். கொதிக்கிற சுவரின் ஒரு பக்கம் திடீரென்று குளிர்ந்தால் அந்தப் பக்கம் சுருங்கப் பார்க்கும், மறுபக்கம் விடாது. அந்த இழுவையில் கீறல் விடுகிறது. அடுப்பிலிருந்து இறக்கிய மண்சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் இதுவும் ஒன்று. குளிர் தேசங்களில் உள்ளே தண்ணீர் உறைந்து பிளாக்கைப் பிளக்கும். நெல்லைச் சீமையில் அந்தக் கவலை இல்லை. இங்கே பிளாக்கைக் கெடுப்பது வற்றிப்போன ரேடியேட்டர், உப்புப் படிந்து அடைத்த தண்ணீர்ப் பாதை, பதற்றத்தில் ஊற்றுகிற குளிர்ந்த தண்ணீர்.

பழைய பிளாக்கைக் காப்பாற்ற இன்னொரு காரணமும் உண்டு. இன்ஜின் நம்பர் ஆர்.சி. புக்கில் இருக்கிறது. வேறு இன்ஜின் வைத்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கிப் பதிவை மாற்ற வேண்டும். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழமையான வண்டிகளுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, வாடகைக்கு ஓடாத வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு எண் கிடைக்கும். சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது என்பது அதன் நிபந்தனை. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது என்பதால் நான் பதியவில்லை. பதிய நினைப்பவர்கள் பிளாக்கைத் தூக்கிப் போடும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தண்ணீர் குறைகிறது, தரையில் ஈரம் இல்லை

முதலில் உண்மையாகவே குறைகிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் தனி பாட்டில் கிடையாது. கழுத்து வரை நிரப்பினால், சூடாகும்போது விரிகிற தண்ணீர் கழுத்தில் இருக்கிற சின்ன வழிவுக் குழாய் வழியாக வெளியே போய்விடும். கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே வந்து நின்றுகொள்ளும். மறுநாள் திறந்து பார்த்துவிட்டு ‘ஒரு டம்ளர் குறைந்துவிட்டது’ என்று மறுபடி நிரப்பினால் மறுபடி கொட்டும். ஆயுள் முழுக்க இப்படியே நிரப்பலாம். மூன்று நாள் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, ஈர்க்குச்சி விட்டு அளந்து குறித்து வையுங்கள். ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டால் பிரச்சினை இல்லை.

நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் வெளிக்கசிவைத் தேடுங்கள். வாட்டர் பம்ப் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், சீல் போனால் அதன் வழியாகச் சொட்டும். பிளாக்கின் பக்கவாட்டில் வட்டத் தகடுகள் அடித்திருப்பார்கள், கோர் பிளக் என்பது அதுதான். உள்ளிருந்து துருப்பிடித்து ஊசித் துவாரம் விழும். மேனிஃபோல்டுக்கு (புகை வெளியேறும் சூடான குழாய்த் தொகுப்புக்கு) பின்னால் இருக்கிற கோர் பிளக் கசிந்தால் தண்ணீர் சூட்டில் அங்கேயே ஆவியாகிவிடும், தரைக்கு வராது. பார்க்கிறவர் பிளாக் கீறல் என்றே நினைப்பார். ஒரு சின்னத் தகட்டுக்காக இன்ஜினை இறக்கினால் எப்படி?

நம் தண்ணீர் இந்த வேலைக்கு ஒரு வகையில் உதவும். உவரி, திசையன்விளை பக்கத்து உப்புத் தண்ணீரோ, எங்கேயாவது போர்வெல் தண்ணீரோ ஊற்றி ஓட்டிய வண்டியில் கசிந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். டார்ச் லைட்டும் சின்னக் கண்ணாடியும் வைத்து அந்த வெள்ளைக் கோட்டின் மேல்முனையைத் தேடுங்கள். தண்ணீர் கீழே ஓடும், ஆகவே உயரமான முனைதான் கசிவு. பிறகு கை பம்ப் வைத்து ரேடியேட்டர் கழுத்தில் அழுத்தம் ஏற்றுங்கள். மூடியில் எழுதியிருக்கிற அளவுக்கு மேல் வேண்டாம். பழைய ரேடியேட்டருக்குப் புது வண்டி மூடியைப் போடுவதும் கூடாது. புது மூடியின் அழுத்தத்தைப் பழைய ஈயப் பற்று தாங்காது. அரை மணி நேரத்தில் முள் இறங்கினால் கசிவு உண்டு. வெளியே எங்கும் ஈரம் காணாமல் முள் மட்டும் இறங்கினால் தண்ணீர் உள்ளே போகிறது.

அறிகுறி: ரேடியேட்டரில் குமிழி, அல்லது ஸ்டார்ட் செய்ததும் தண்ணீரைத் துப்புகிறது

சிலிண்டரில் எரிகிற வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுகிறது என்று அர்த்தம். ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக வைக்கிற தகடு), ஹெட், பிளாக் மூன்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். பெரும்பாலும் கேஸ்கட்.

இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஃபேன் பெல்ட்டைக் கழற்றுங்கள், பம்ப் சுற்றினால் தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியாது. இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடிக்கிற தெர்மோஸ்டாட்டையும் எடுத்துவிட்டு மேலே தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிற வரை நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. தண்ணீர் வெதுவெதுப்புக்கூட ஆகும் முன்பே விடாமல் குமிழி வந்தால் அது சிலிண்டரில் எரிந்த வாயு. ஒன்றிரண்டு வந்து நின்றுவிட்டால் நிரப்பும்போது சிக்கிய காற்று, பயப்பட வேண்டாம். சந்தேகம் இருந்தால் இதற்கென்று நீல நிறத் திரவம் கிடைக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்து ஆவியை அதன் வழியாக இழுத்தால், எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாக மாறும்.

எந்த சிலிண்டர் என்று அறிய பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எந்த வயரைக் கழற்றும்போது குமிழி குறைகிறதோ அதுதான். பிறகு அந்த சிலிண்டரின் பிஸ்டனை மேல் முனைக்குக் கொண்டுவந்து, இரண்டு வால்வும் மூடியிருக்க, பிளக் துவாரத்தில் கம்ப்ரஸர் காற்றை விட்டு, ரேடியேட்டரில் குமிழி வருகிறதா என்று பாருங்கள். காற்று பிஸ்டனைத் தள்ளும்போது வண்டி நகரும், கிராங்க் சுற்றும். டாப் கியர் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஃபேன் பக்கம் கை வைக்காமல் செய்யுங்கள்.

பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரில் கம்ப்ரஷன் ஒருசேரக் குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கட் எரிந்திருக்கும். ஹெட்டைத் தூக்கியதும் கேஸ்கட்டை அலசாமல், துடைக்காமல் அப்படியே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வாயு ஓடிய தடம் கறுப்பாகத் தெரியும். தடம் இருந்தால் ஹெட்டையும் பிளாக் மேல்தளத்தையும் நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) அளந்து, 0.1 மி.மீ. தாண்டினால் லேத் பட்டறையில் தளம் செதுக்கி, புது கேஸ்கட் போட்டால் முடிந்தது. தடம் இல்லாவிட்டால்தான் கீறலைத் தேட வேண்டும். அப்போதும் முதலில் ஹெட்டைத் தேடுங்கள். வால்வு சீட்டுகளுக்கு நடுவில், எக்ஸாஸ்ட் வால்வு பக்கம், மயிரிழை போல ஓடும். பிளாக்குக்குக் கெட்ட பெயர், குற்றவாளி ஹெட் என்பது நான் பல முறை பார்த்தது.

அறிகுறி: ஆயில் பால் டீ போல இருக்கிறது

ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் வெளுத்த நுரை இருந்து, டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால் அது ஆவி படிந்த ஈரம். கடைக்கும் வீட்டுக்குமாகச் சின்னச் சின்ன ஓட்டமே ஓடுகிற வண்டியில், ஐப்பசி கார்த்திகை மழையில் இது வரும். திருச்செந்தூர் வரை ஒரு நடை போய் வந்தால் மறைந்துவிடும்.

டிப் ஸ்டிக்கிலேயே பால் டீ நிறம், ஆயில் மட்டமும் ஏறியிருக்கிறது என்றால் அதற்குமேல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைச் சாப்பிட்டுவிடும், கீறலைவிட அந்தச் செலவு பெரிது. ராத்திரி முழுக்க வண்டியை அசைக்காமல் விட்டு, காலையில் சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) நட்டை முழுக்கக் கழற்றாமல் மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கியிருக்கும், ஆயிலுக்கு முன்னால் அதுதான் வரும். எவ்வளவு வருகிறது என்று ஒரு டம்ளரில் பிடித்து வையுங்கள்.

அடுத்ததாக எனக்குப் பிடித்த ஒரு பரிசோதனை. சம்ப்பைக் கழற்றுங்கள், ஹெட் இருந்த இடத்தில் இருக்கட்டும். அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, ரேடியேட்டர் கழுத்தில் கை பம்பால் அழுத்தம் ஏற்றிவிட்டு, டார்ச்சோடு கீழே படுத்துக்கொள்ளுங்கள். பொறுமை வேண்டும், சில நேரம் ஒரு மணி நேரம்கூட ஆகும். தாளில் சொட்டு விழுகிற இடத்துக்கு நேர் மேலே பாருங்கள். ஒரு சிலிண்டரின் அடிவாயிலிருந்து, பிஸ்டன் ஓரமாக வந்தால் அந்த போர் (சிலிண்டர் துவாரம்) சுவரில் கீறல், அல்லது மேலே அந்த சிலிண்டரின் கேஸ்கட். கேம் ஷாஃப்ட் (வால்வுகளை இயக்கும் தண்டு) பக்கமிருந்து வந்தால் டேப்பெட் அறைச் சுவர், அல்லது புஷ் ராடு துவாரம் வழியாக மேலிருந்து இறங்குகிறது. டேப்பெட் மூடியைத் திறந்து பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். மெயின் பேரிங் தாங்கும் தடுப்புச் சுவரில் ஈரக் கோடு தெரிந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். அந்த பிளாக்கில் கை வைக்காமல் இருப்பது நல்லது. கிராங்கின் முழு அடியும் அங்கேதான் விழுகிறது, எந்த ஒட்டும் நிற்காது.

தலைகீழாக, ரேடியேட்டர் தண்ணீரில் ஆயில் மிதந்து, ஆயிலில் தண்ணீர் இல்லாவிட்டால், ஹெட்டின் மேல் வால்வுகளை அமுக்குகிற ராக்கருக்கு ஆயில் ஏறுகிற துவாரத்தைச் சந்தேகியுங்கள். அது கேஸ்கட்டைத் துளைத்துக்கொண்டுதான் மேலே போகிறது. கீறலுக்கு வாய்ப்பு குறைவு.

அறிகுறி: வெள்ளைப் புகை, அல்லது செல்ஃப் அடித்தால் ‘டொக்’ என்று நின்றுவிடுகிறது

காலையில் கொஞ்ச நேரம் சைலன்சரில் ஆவி வருவது இயல்பு. சூடான பிறகும் விடாமல் வெள்ளைப் புகை வந்தால் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். மூன்று கறுத்திருக்க, ஒன்று மட்டும் புளி போட்டுத் தேய்த்த பித்தளை மாதிரி பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. ஆவி அதைக் கழுவி வைத்திருக்கிறது.

செல்ஃப் பாதியில் முட்டி நின்றால் மறுபடி அடிக்காதீர்கள். சிலிண்டரில் தேங்கிய தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, அம்பாசிடர்தானே, முன்னால் கைப்பிடியைப் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். எந்தத் துவாரத்திலிருந்து தண்ணீர் பீறிடுகிறதோ அந்த சிலிண்டர்.

இங்கே கீறல் போர் சுவரிலேயே இருந்தால் அதற்கும் வழி உண்டு. 1489 சிசி இன்ஜினில் போர் 73 மி.மீ. அந்த போரைப் பெரிதாக்கி, 2 மி.மீ. கனமுள்ள ஸ்லீவை (உள்குழாயை) ஏறக்குறைய 0.05 மி.மீ. இறுக்கத்தில் அமுக்கி இறக்கினால் கீறல் ஸ்லீவுக்குப் பின்னால் போய்விடும். கீறல் மேல்தளம் வரை ஏறியிருந்தால் அந்தப் பகுதியை முதலில் தைத்து, பிறகு ஸ்லீவ், கடைசியில் தளம் செதுக்கல். வரிசை மாறினால் தளம் மறுபடி கோணிக்கொள்ளும்.

அறிகுறி: பிளாக்கின் வெளிச்சுவரில் ஈரக் கோடு

எங்கள் வண்டிக்கு நடந்தது இது. ஈரம் தெரிவதாலேயே பார்க்கிறவர்களுக்கு அதிகம் பயம் தருவதும் இதுதான். ஆனால் உள்ளதிலேயே சுலபமாகச் சரியாவதும் இதுதான். வெளிச்சுவர் தண்ணீரைத் தாங்குகிறதே ஒழிய எரியும் வாயுவின் அடியைத் தாங்கவில்லை.

அப்பா தூத்துக்குடிக்கு ஆள் விசாரித்துப் போனார். படகு இன்ஜின்களைச் சரிசெய்து பழகிய ஒருவர். வந்தவர் முதலில் சுத்தியலை எடுத்துக் கழற்றிவைத்த பிளாக்கை அங்கங்கே லேசாகத் தட்டினார். காருக்குறிச்சியில் பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பார்களே, அப்படி. நல்ல இடத்தில் மணி போல் நின்று ஒலித்தது, கீறல் பக்கம் வந்ததும் சத்தம் செத்துப்போனது. “அண்ணாச்சி, வெளிச் சுவர்லதான் இருக்கு. தச்சிரலாம்” என்றார். அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. “இரும்பத் தைக்கவா?” என்று இரண்டு முறை கேட்டார்.

கம்பிப் பிரஷ் வைத்து பெயின்ட், துரு எல்லாம் போகத் தேய்த்தார். கிரைண்டர் வைக்கவில்லை, வைத்தால் உலோகம் இழுபட்டு கீறல் வாய் மூடிக்கொள்ளும், முனை தெரியாது. மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவினார். கீறலுக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் மெல்ல ஊறி வெள்ளைப் பொடியில் கோடு போட்டது. கண்ணுக்குத் தெரிந்த கீறல் இரண்டங்குலம், கோடு போனது மூன்றங்குலம். இப்போதெல்லாம் வெல்டிங் சாமான் கடைகளில் சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர் ஸ்பிரே கிடைக்கிறது. அதுவும் இதே வேலை, இன்னும் துல்லியமாக. முனையைத் தவறவிட்டால் தைத்த இடத்துக்கு அப்பால் கீறல் வளரும். ஆகவே இரண்டு முனைக்கும் வெளியே ஒவ்வொரு துவாரம்.

தையல் என்பது இப்படி. கீறலின் மேலேயே 5 மி.மீ. துவாரம் போட்டு, 6 மி.மீ. டேப் விட்டு மரை எடுத்து, சீலன்ட் தடவிய திருகாணியை இறுக்கி, தலையை அறுத்துவிடுவார்கள். அடுத்த துவாரம் முதல் திருகாணியின் ஓரத்தையும் கொஞ்சம் கடித்துக்கொண்டு விழ வேண்டும். அப்போதுதான் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்காது, ஒன்று மற்றதைச் சுழலவிடாது. 4 மி.மீ.க்கு ஒன்று என்று வைத்தால் மூன்றங்குலக் கீறலுக்கு 20 திருகாணி வரும். அவர் ஒவ்வொன்றையும் கையால் மரை எடுத்தார். மதியம் சாப்பாட்டுக்கு முன் ஆறு, சாயங்காலம் வரை இன்னும் ஆறு, மீதி மறுநாள். எல்லாம் முடிந்ததும் சின்ன உருண்டைத் தலைச் சுத்தியலால் தட்டித் தட்டி அமுக்கி, அதன்பிறகே கிரைண்டரைத் தொட்டார். கீறலுக்குக் குறுக்கே இரண்டு இடத்தில் துவாரங்களைச் சங்கிலியாகப் போட்டு, அந்த வடிவத்துக்கே வெட்டிய மெல்லிய உலோகப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து இறக்கினார். கீறல் இனி வாய் பிளக்காமல் பிடிப்பது அதுதான். சாதாரண மரை இறுக்கும்போது பக்கங்களை வெளியே தள்ளும். கொக்கி போன்ற மரை வெட்டிய திருகாணிகள் இப்போது உண்டு, அவை உள்ளே இழுக்கும். கிடைத்தால் அதையே கேளுங்கள்.

சுவர் கனத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய இடத்தில் ஆழமாகத் துளைத்தால் உள்ளே போர் சுவரைத் தொட்டுவிடும்.

வெல்டிங் வைக்கலாமா

எல்லோரும் கேட்பது. வைக்கலாம், வைக்கத் தெரிந்தவர் வைத்தால். கேட் கிரில்லுக்கு வைக்கிற சாதா ராடை வார்ப்பிரும்பில் வைத்தால் ஒட்டின மாதிரித் தெரியும். ஆறும்போது பக்கத்திலேயே ‘டிக்’ என்று புதுக் கீறல் விடும். வார்ப்பிரும்பின் கரி உருகிய இடத்தில் கலந்து கண்ணாடி போலக் கடினமாகிவிடுகிறது, சுருங்குகிற இழுவையை அது தாங்காது. நிக்கல் ராடு வேண்டும். 99 சதவீத நிக்கல் ராடு மென்மையாக இருக்கும், பிறகு டிரில் போடலாம். 55 சதவீத நிக்கல் ராடு பலம் அதிகம். ஒரே மூச்சில் இழுக்கக்கூடாது. ஓர் அங்குலம் வைத்து, சூடாக இருக்கும்போதே சுத்தியலால் தட்டி, கை வைத்தால் பொறுக்கிற சூட்டுக்கு வரும் வரை காத்திருந்து, வேறொரு இடத்தில் அடுத்த அங்குலம். ஐம்பது வருடம் ஆயில் குடித்த இரும்பு, ஆகவே முதலில் சூடு காட்டி ஆயிலை வெளியேற்றாவிட்டால் வெல்டில் துளை விழும்.

பிளாக் முழுவதையும் உலையில் 600 டிகிரிக்கு மேல் ஏற்றி, வார்ப்பிரும்பு ராடு வைத்து ஒட்டி, சாம்பலிலோ மணலிலோ மூடி மெதுவாக ஆறவிடுவது இன்னொரு முறை. ஒட்டு அருமையாக வரும். ஆனால் பிளாக் கோணிக்கொள்ளும், போர், மெயின் பேரிங் வரிசை எல்லாவற்றையும் மறுபடி சரியாக்க வேண்டும். அந்த வசதி இருக்கிற இடத்தில்தான் கொடுக்க வேண்டும். வார்ப்பாலைகள் நிறைந்த கோயம்புத்தூரில் விசாரிக்கலாம். வெளிச்சுவர்க் கீறலுக்கு இவ்வளவு தேவையில்லை. என் ஓட்டு தையலுக்கே.

எபாக்ஸி பசை, கீறல் மிகச் சின்னதாக, சூடு குறைந்த வெளிச்சுவரில் இருந்தால், முனைகளில் 3 மி.மீ. துவாரம் போட்டு, வாய் அகலமாக்கி, அசிட்டோன் வைத்துத் துடைத்துவிட்டுப் பூசினால் நிற்கும். போர், மேல்தளம் பக்கம் அதை நினைக்கவே வேண்டாம். ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது நம் டிரைவர்கள் தலைமுறையாகச் செய்வது. ஊசித்துளைக் கசிவோடு ராத்திரியில் நடுவழியில் நின்றால் நானும் போடுவேன், வீடு வந்து சேரலாம். மறுநாளே அலசிவிடுங்கள். விட்டுவைத்தால் அது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்து, கீறலுக்குக் காரணமான சூட்டை மறுபடி கொண்டுவரும்.

மாட்டுவதற்கு முன்னும் பின்னும்

சரிசெய்த பிளாக்கை வெறுமனே இருக்கும்போதே சோதியுங்கள். தண்ணீர்ப் பாதைகளை ரப்பரும் இரும்புத் தகடும் வைத்து அடைத்து, சுடுதண்ணீர்த் தொட்டியில் முக்கி, 30, 40 பி.எஸ்.ஐ. காற்று விட்டுப் பாருங்கள். சுடுதண்ணீர் என்பது முக்கியம். சில கீறல்கள் குளிரில் மூடிக்கொண்டு சூட்டில் திறக்கும், சில அதற்கு நேர் எதிர். இரண்டிலும் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டரைக் கழற்றி, தொட்டியைப் பிரித்து, குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்யக் கொடுங்கள். தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். ‘நம்ம ஊர் வெயிலுக்கு அது வேண்டாம்’ என்று கழற்றி எறிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடு ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்கும், தைத்த இடத்துக்கு அது நல்லதல்ல. போர்வெல் தண்ணீர் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி. துருப்பிடிக்காது, கொதிநிலையும் 100 டிகிரியிலிருந்து 106 டிகிரி வாக்கில் ஏறும். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

மலையில் மறுபடி கொதித்தால் ஓரம் கட்டுங்கள். இன்ஜினை நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்து, மூடியைத் தொடாமல் முக்கால் மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள். மேல் ஹோஸை அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும், அதற்குமுன் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். குடத்தோடு கவிழ்க்காதீர்கள். நான் அன்றைக்கு முக்கால் மணி நேரம் பொறுத்திருந்தால் அப்பாவுக்கு அந்த மூன்று மாத அலைச்சல் வந்திருக்காது.

எங்கள் பிளாக்கில் தைத்த இடத்தை மட்டும் வெளிர் சாம்பல் நிறத்தில் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். மற்ற இடமெல்லாம் கரும்பச்சை. வெளிர் நிறத்தில் சின்ன ஈரம் வந்தாலும் பழுப்பாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் டார்ச் அடித்துப் பார்ப்பேன். இதுவரை காய்ந்தே இருக்கிறது.